கொல்லைக் குளத்துக் கணக்கு

சிட்னி,
ஜனவரி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்தியின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

“வீட்டுக் கொல்லையிலேயே நீச்சல் குளமாமே, ராஜ வாழ்க்கைதான்” என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். ராஜாக்களுக்குக் குளம் இருந்தது உண்மைதான். அதைத் தூர்வார ஆள் இருந்ததையும் சேர்த்து எழுதியிருக்க வேண்டும். சிட்னியின் மேற்குப் புறநகர்களில் கொல்லையில் குளம் இருப்பதைப் பார்த்து யாரையும் பணக்காரர் என்று நினைத்துவிட முடியாது. பழைய வீடாகப் பார்த்து வாங்கினால் துணி காயப்போடும் சுழல்கம்பி, ஓர் எலுமிச்சை மரம், ஒரு குளம் மூன்றும் வீட்டோடு சேர்ந்தே வந்துவிடும். முதல் இரண்டும் நமக்கு உழைக்கும். மூன்றாவதற்கு நாம் உழைக்க வேண்டும். இந்த மாநிலத்தில் நீச்சல் குளங்களுக்கென்றே 1992இல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். 1.2 மீட்டருக்குக் குறையாத வேலி, தானே சாத்திக்கொண்டு தானே தாழிட்டுக்கொள்ளும் கதவு, மூச்சு நின்றவரைப் பிழைக்கவைக்கும் முறையைப் படம்போட்டு விளக்கும் பலகை, அரசுப் பதிவேட்டில் குளத்தின் விவரம் எல்லாம் இருந்தாக வேண்டும். குழந்தைகள் தவறி விழுந்துவிடக் கூடாதே என்று வந்த சட்டம், அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. வேலிக்குள் இருக்கும் தண்ணீர் என்ன நிறத்தில் இருக்க வேண்டும் என்பதை மட்டும் அது வீட்டுக்காரர் பொறுப்பில் விட்டிருக்கிறது. அந்தப் பொறுப்பை வீட்டுக்காரரிடமிருந்து வாங்கிக்கொள்ளக் கடைக்காரர்கள் தயாராக இருக்கிறார்கள்.

டிசம்பரும் ஜனவரியும் இங்கே உச்சிக் கோடை. பள்ளி விடுமுறையைப் பார்த்து நம்மவர்கள் ஊருக்குப் புறப்படுவதும் அப்போதுதான். குளத்துக்கு அதைவிடப் பொல்லாத முகூர்த்தம் கிடையாது. வெயில் சுட்டெரிக்கும், சாயங்காலம் இடிமழை கொட்டும், யூகலிப்டஸ் இலையும் பட்டையும் வந்து விழும். ஆளில்லாத வீட்டில் மின்சாரம் எதற்கு என்று பம்ப்பையும் நிறுத்திவிட்டுப் போயிருப்பார்கள். திரும்பி வந்து பின்கதவைத் திறந்தால் குளம் பச்சைப் பசேலென்று நிற்கும். உடனே கடைக்கு ஓட்டம். பாசிக்கொல்லி ஒன்று, தெளியவைக்கும் திரவம் ஒன்று, பாஸ்பேட்டை நீக்குவது ஒன்று, அதிரடி மருந்து ஒன்று என்று வண்டி நிறையப் புட்டிகள் வரும். ஒவ்வொன்றாக ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். பச்சை இளம்பச்சையாகும், மறுபடி கரும்பச்சையாகும். இந்த விஷயத்தில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு. பச்சைக் குளத்தைக் காசு கொடுத்துத் தெளியவைக்க முடியாது, அளந்துதான் தெளியவைக்க முடியும். அந்தப் புட்டிகளில் பெரும்பாலானவை, அளக்கச் சோம்பல்பட்டதற்கு நாம் கட்டும் அபராதம்.

காசால் முடியாது என்பதற்குப் பெரிய சாட்சி ரியோ டி ஜனைரோ. 2016 ஒலிம்பிக்கில் உயரத்திலிருந்து பாயும் போட்டிக்கான குளம் ஆகஸ்ட் 9 அன்று உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது பச்சையாகிப் போனது. பக்கத்திலிருந்த நீர்ப்பந்துக் குளமும் பின்னாலேயே நிறம் மாறியது. அங்கே காசுக்குப் பஞ்சமா, நிபுணர்களுக்குப் பஞ்சமா? விசாரித்ததில் தெரியவந்தது இதுதான்: தொடக்க விழா நடந்த ஆகஸ்ட் 5 அன்றே ஒப்பந்தக்காரர் ஒருவர் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் குளத்தில் ஊற்றியிருக்கிறார். ஹைட்ரஜன் பெராக்சைடும் கிருமிநாசினிதான், குளோரினும் கிருமிநாசினிதான். ஆனால் இரண்டும் ஒரே நீரில் சேர்ந்தால் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். காவலுக்கு யாரும் இல்லாத நீரில் பாசி வளர்ந்தது. நடனநீச்சலுக்கு நேரமாகிவிட்டதால் கடைசியில் ஒரு குளத்தையே காலிசெய்து, பயிற்சிக் குளத்திலிருந்து ஏறக்குறைய 37 லட்சம் லிட்டர் நீரைக் கொண்டுவந்து நிரப்பினார்கள். வேதியியல் துல்லியமான அறிவியல் அல்ல என்று ஏற்பாட்டுக் குழுவின் செய்தித்தொடர்பாளர் அதற்குச் சமாதானம் சொன்னார். பாவம் வேதியியல். அது தன் கணக்கை அணுப் பிசகாமல் செய்து காட்டியிருந்தது. கணக்குப் பார்க்காமல் ஊற்றியவர் மனிதர்.

கொல்லைக் குளத்திலும் நடப்பது அதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். பாசி வளர வெயில், வெதுவெதுப்பான நீர், மழையும் இலையும் கொண்டுவரும் சத்து ஆகிய மூன்றும் போதும். மூன்றுக்கும் சிட்னிக் கோடையில் குறைவில்லை. அதைத் தலையெடுக்க விடாமல் வைத்திருப்பது நீரில் கரைந்திருக்கும் குளோரின். அந்தக் குளோரினுக்கு வெயிலே எமன். காப்பு எதுவும் இல்லாவிட்டால் உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். அதனால் சயனூரிக் அமிலம் என்ற ஒன்றைச் சேர்க்கிறார்கள். கடையில் இதன் பெயர் ஸ்டெபிலைசர். இது குளோரினைப் பிடித்துவைத்துக்கொண்டு வெயிலிலிருந்து காப்பாற்றும், தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக விடுவிக்கும். வங்கி லாக்கரில் வைத்த நகை மாதிரி: திருட்டுப் போகாது, சொத்துக் கணக்கில் வரும், ஆனால் கல்யாணத்துக்குப் போகும்போது கழுத்தில் இருக்காது. ஸ்டெபிலைசர் கூடக் கூட, குளோரினில் பூட்டிக்கிடக்கும் பங்கும் கூடும், வேலைக்கு வரும் பங்கு குறையும். ஆகவே குளத்தில் குளோரின் எவ்வளவு என்று கேட்பது பாதிக் கேள்விதான். இருக்கும் ஸ்டெபிலைசருக்கு இந்தக் குளோரின் போதுமா என்பதுதான் முழுக் கேள்வி. 10 லட்சம் பங்கு நீரில் எத்தனை பங்கு என்று பிபிஎம் கணக்கில் இதை அளப்பார்கள். ஸ்டெபிலைசர் அளவில் நூற்றுக்கு ஏழு, எட்டு பங்காவது குளோரின் எப்போதும் இருக்க வேண்டும். ஸ்டெபிலைசர் 40 என்றால் 3 பிபிஎம் குளோரின் போதும். 150 என்றால் 11 வேண்டும்.

ஸ்டெபிலைசர் எப்படி 150க்கு ஏறும் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் மாத்திரை இருக்கிறது. மிதவையில் போட்டுவிட்டால் தானே கரையும் என்று விற்கிறார்களே, அந்தக் குளோரின் மாத்திரையில் பாதிக்கு மேல் சயனூரிக் அமிலம்தான். அது 10 பிபிஎம் குளோரினைக் கொடுக்கும்போது கூடவே 6 பிபிஎம் ஸ்டெபிலைசரையும் சேர்த்துவிடுகிறது. கோடையில் ஒரு குளம் நாளைக்கு 3 பிபிஎம் குளோரினைத் தின்னும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் மாத்திரையாகவே கொடுத்தால் ஒரே மாதத்தில் ஸ்டெபிலைசர் 54 ஏறிவிடும். குளோரின் அன்றன்றைக்குச் செலவாகிவிடும். ஸ்டெபிலைசர் ஆவியாகாது, வெயிலில் அழியாது. நீரை வெளியேற்றினாலொழிய அங்கேயேதான் கிடக்கும். இரண்டு கோடை போனால் காகிதப் பட்டையை நனைத்துப் பார்க்கும் வீட்டுக்காரருக்குக் குளோரின் 3 என்று நல்ல நிறமே காட்டும், குளமோ பச்சையாக இருக்கும். “குளோரின் சரியாகத்தான் இருக்கிறது, இது ஏதோ புதுவகைப் பாசி” என்று அவர் முடிவுகட்டுவார். புதுவகைப் பாசிக்கென்று ஒரு புதுவகைப் புட்டியும் கடையில் தயாராக இருக்கும்.

சரி, அளப்பது எப்படி? காகிதப் பட்டையை நம்பிப் பிரயோஜனமில்லை. குளோரின் மிகவும் அதிகமாகிவிட்டால் அதன் நிறமே வெளுத்துப்போய், குளோரின் இல்லை என்று பொய் சொல்லும். துளிவிட்டுப் பார்க்கும் பெட்டி ஒன்று கிடைக்கிறது. 10 மில்லி நீரைச் சின்னக் குழாயில் எடுத்து ஒரு சிட்டிகைப் பொடியைப் போட்டுக் குலுக்கினால் நல்ல ரோஜா நிறம் வரும். பிறகு இன்னொரு மருந்தைத் துளித்துளியாக விட்டுக்கொண்டே எண்ண வேண்டும். எந்தத் துளியில் நிறம் சட்டென்று மறைகிறதோ அங்கே நிறுத்திவிட்டு, துளிக்கு அரை பிபிஎம் என்று கணக்குப் போட வேண்டும். 32 துளி என்றால் குளோரின் 16. ஸ்டெபிலைசருக்கு வேறு வித்தை. குளத்து நீரையும் ஒரு மருந்தையும் சரிபாதி கலந்தால் பால்போலக் கலங்கும். அடியில் கருப்புப் புள்ளி வைத்த குழாயில் அதை ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். புள்ளி கண்ணுக்கு மறையும் இடத்தில் குழாயில் என்ன எண் எழுதியிருக்கிறதோ அதுதான் ஸ்டெபிலைசர். கண்ணாடி போட்டவர்களும் போடாதவர்களும் புள்ளி தெரிகிறது, தெரியவில்லை என்று சண்டை பிடிப்பது இந்தச் சோதனையின் இலவச இணைப்பு. பத்து முன்னே பின்னே போனால் குடிமுழுகிவிடாது.

எண்கள் கைக்கு வந்துவிட்டால் மீதி வேலை பள்ளிக்கூடக் கணக்கு. வீட்டுக் குளம் 50,000 லிட்டர் என்று வையுங்கள். பச்சையைக் கொல்லக் குளோரினை ஸ்டெபிலைசரில் நூற்றுக்கு நாற்பது அளவுக்கு ஏற்றி, பாசி சாகும்வரை அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். ஸ்டெபிலைசர் 40 என்றால் குளோரின் 16. நூற்றுக்குப் பன்னிரண்டரை வலுவுள்ள திரவக் குளோரின் ஆறரை லிட்டர் ஊற்றினால் அந்த அளவு வந்துவிடும். முதலில் வலைபோட்டு இலையையெல்லாம் அள்ளிவிட வேண்டும். இல்லாவிட்டால் பாசிக்கு வாங்கிய குளோரினை இலை குடித்துவிடும். நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை அமிலம் விட்டு 7.2க்கு இறக்கிக்கொள்வதும் முதலிலேயே. குளோரின் ஏறிய பிறகு பி.எச். சோதனை சரியாகக் காட்டாது. அதன்பின் பம்ப் இரவு பகலாக ஓட வேண்டும். சுவரையும் தரையையும் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை துளி எண்ணி, குறைந்த குளோரினைத் திரும்ப ஊற்ற வேண்டும். எல்லோரும் தோற்பது இந்த இடத்தில்தான். ஒருமுறை தாராளமாக ஊற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். பாசி குளோரினைத் தீர்த்துவிட்டு, செத்தது போக மீதி ஆளோடு விடியற்காலையில் மறுபடி குடித்தனத்தைத் தொடங்கிவிடும். பாசி ஒரே நாளில் இரண்டு மடங்காகக் கூடியது என்பதால் பாதியைக் கொன்றுவிட்டு ஒருநாள் ஓய்வெடுத்தால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

கொல்வது ஒரு வேலை, அள்ளுவது இன்னொரு வேலை. பச்சை போய்ச் சாம்பல் கலந்த நீலம் வரும், பிறகு கஞ்சித்தண்ணி நிறத்தில் நாட்கணக்கில் நிற்கும். பாசி செத்துவிட்டது, பிணம் மிதக்கிறது என்று அர்த்தம். அதை மணல் ஃபில்டர் சிறிது சிறிதாகப் பிடிக்கும். ஃபில்டரின் அழுத்தமானி சுத்தமாக இருந்தபோது காட்டியதைவிட 50 கிலோபாஸ்கல் அளவில் ஏறினால் நீரை எதிர்த்திசையில் விட்டு மணலைக் கழுவ வேண்டும். ஏணிக்குழாயின் உட்புறம், விளக்கின் பின்பக்கம், இலைக்கூடையின் மடக்குக் கதவு ஆகிய மூன்றும் பாசியின் பதுங்கு குழிகள். அங்கே பிரஷ் போகாவிட்டால் பட்டதெல்லாம் வீண். முடிந்ததா என்று பார்ப்பதற்கும் கண்ணை மட்டும் நம்பக் கூடாது. சூரியன் மறைந்தபின் ஒருமுறை, உதிக்குமுன் ஒருமுறை குளோரினை அளக்க வேண்டும். இரவில் வெயில் கிடையாது. குறைந்தால் ஏதோ ஓர் உயிர் உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. 1 பிபிஎம்முக்குமேல் குறையாமலிருந்து, அடியிலுள்ள வடிகாலும் தெளிவாகத் தெரிந்தால் வேலை முடிந்தது. அதுவரை யாரும் இறங்கக் கூடாது. கிருமிக்காக மட்டும் சொல்லவில்லை. அடி தெரியாத நீரில் ஒரு குழந்தை மூழ்கினால் கரையில் நிற்பவருக்கும் தெரியாது.

“இத்தனை எதற்கு, தேற்றாங்கொட்டை இருக்கிறதே” என்பீர்கள். நியாயமான கேள்விதான். கலங்கிய நீர் வைத்த பானையின் உட்புறத்தில் அந்த விதையைத் தேய்த்தால் மண் அடியில் படிந்து நீர் தெளிவது கலித்தொகைக் காலத்துப் புலவருக்கே தெரிந்திருந்தது. படிகாரமும் அதே வேலையைச் செய்யும். இங்கே குளத்தைத் தெளியவைக்க விற்கும் புட்டிகளிலும் தத்துவம் அதுதான்: மிதக்கும் பொடியைத் திரளவைத்து மூழ்கடிப்பது. ஆனால் தெளியவைப்பது வேறு, கொல்வது வேறு. உயிருள்ள பாசியைத் தரையில் படியவைத்தால் அது தரையிலிருந்து மறுபடி வளரும். நம் ஊரிலும் கிணற்றைத் தெளியவைக்கப் படிகாரம் போட்டவர்கள், காலரா வந்தபோது பிளீச்சிங் பவுடர்தான் போட்டார்கள். அந்த வேறுபாட்டை நகராட்சி ஊழியர் அறிந்திருந்தார். இங்கே ஐந்து படுக்கையறை வீட்டுக்காரருக்கு மறந்துபோகிறது.

கடையில் நீரை இலவசமாகவே சோதித்துத் தருகிறார்களே, பிறகென்ன என்று கேட்கலாம். சோதிப்பதில் பழுதில்லை, அந்த எண்களை வாங்கிக்கொள்ளலாம். சோதிப்பவரும் மருந்து விற்பவரும் ஒருவரேயாக இருப்பதுதான் சங்கடம். பாஸ்பேட் கூடுதல் என்று சீட்டு வரும். பாஸ்பேட் பாசிக்கு உணவு என்பதும் மெய்தான். குளோரின் போதிய அளவில் இருந்தால் உணவிருந்தும் உண்ண ஆளிருக்காது என்பதைச் சீட்டு சொல்லாது. தாமிரம் கலந்த பாசிக்கொல்லி நன்றாகவே கொல்லும், ஆனால் தாமிரம் நீரிலேயே தங்கிச் சுவரில் கறை படியும், பொன்னிறத் தலைமுடியைப் பச்சையாக்கும். பழி மட்டும் குளோரின் தலையில் விழும். நம் தலைமுடிக்கு அந்தக் கவலையில்லை என்பது வேறு விஷயம். காரத்தன்மை கூட்டும் பொடி என்று அழகான வாளியில் விற்பதைப் புரட்டி எழுத்துக்களைப் படித்தால் சோடியம் பைகார்பனேட் என்றிருக்கும். சித்தி ஆப்பத்துக்குப் போடும் அதே சோடாதான். பி.எச். ஏற்றும் பொடி சலவைச் சோடா. திரவக் குளோரின் வெள்ளைத் துணிக்குப் போடும் ப்ளீச்சின் அண்ணன். பெயர்ப்பலகையை மாற்றினால் விலையும் மாறிவிடுகிறது.

ஆள் வைத்துக்கொள்ளலாமே என்பது அடுத்த யோசனை. தாராளமாக வைத்துக்கொள்ளலாம், வசதியிருப்பவர்களை நான் ஏன் தடுக்கப்போகிறேன்? ஆனால் வெயில் தினமும் வருகிறது, ஆள் வாரத்துக்கு ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோதான் வருவார். இடைப்பட்ட நாட்களுக்கு அவர் எதை விட்டுவிட்டுப் போவார்? மாத்திரையைத்தான். மாத்திரை என்ன செய்யும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

மொத்த நீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்பினால் ஒரே நாளில் காரியம் முடிந்துவிடாதா? தண்ணீர் விலையைப் பார்த்தால் இது முட்டாள்தனமான யோசனையல்ல. நிரம்ப ஸ்டெபிலைசர் ஏறிய குளத்துக்கு வேறு வழியும் இல்லை. 150 ஸ்டெபிலைசரோடு பாசியைக் கொல்லக் குளோரின் 60க்குப் போக வேண்டும், ஒரு தடவைக்கே 24 லிட்டர் திரவம். அதைவிடப் பாதி நீரை மாற்றுவது மேல். பாதி மாற்றினால் ஸ்டெபிலைசரும் பாதியாகும். ஆனால் முழுதும் காலி செய்தால் இன்னோர் ஆபத்து இருக்கிறது. மழைக்குப் பிறகு மண்ணுக்கடியில் நீர்மட்டம் உயர்ந்திருக்கும். மேலே கனமில்லாத குளத்தொட்டியை அந்த நீர் அடியிலிருந்து தூக்கிவிடும். பைபர்கிளாஸ் தொட்டி தரையைப் பிளந்துகொண்டு வெளியே வந்த வீடுகள் உண்டு. போதாததற்கு வறட்சிக் காலங்களில் நீர்க் கட்டுப்பாடு வரும். 2019 டிசம்பரில் சிட்னியில் இரண்டாம் கட்டக் கட்டுப்பாடே வந்துவிட்டது. இறைத்த நீரையும் தெருவோர மழைநீர்க் கால்வாயில் விடக் கூடாது, சாக்கடைக் குழாயில்தான் விட வேண்டும்.

நம் ஊர்க் குளங்கள் எல்லாம் பச்சையாகத்தானே இருக்கின்றன, அதில் முங்கி எழுந்துதானே நாமெல்லாம் வளர்ந்தோம் என்பதே உங்கள் பெரிய ஆட்சேபணையாக இருக்கும். கோயில் குளத்தில் மீன் இருக்கிறது, தவளை இருக்கிறது, அல்லி இருக்கிறது, சேறு இருக்கிறது. ஒன்றின் கழிவை இன்னொன்று தின்று வாழ்கிறது. கொல்லைக் குளத்தில் சிமென்ட்டைத் தவிர எதுவும் கிடையாது. அங்கே பாசி வந்தால் அடுத்து வருவது கொசு. கலிபோர்னியாவின் கெர்ன் வட்டாரத்திலுள்ள பேக்கர்ஸ்பீல்டில் 2007இல் வீட்டுக்கடன் கட்ட முடியாமல் ஏராளமானோர் வீட்டை விட்டுப் போனார்கள். கவனிப்பாரற்ற குளங்கள் பச்சையாகிக் கொசுப்பண்ணையாயின. வானிலிருந்து படம் பிடித்து அவற்றை எண்ண வேண்டியதாயிற்று. அந்தக் கோடையில் மனிதர்களுக்கு வந்த வெஸ்ட் நைல் காய்ச்சல் 276 சதவீதம் கூடியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். நம் ஊரில் கொசுவை ஒழிக்கக் கம்பூசியா மீன் விடுவார்கள். இந்த மாநிலத்தில் அந்த மீனுக்குக் கேடு விளைவிக்கும் பிராணி என்று பெயர், விடக் கூடாது. முழுக் குட்டையாகவே மாற்றிவிடும் வழி ஒன்றும் உண்டு. சிட்னியின் வடக்கே கு-ரிங்-கை நகராட்சி, வேண்டாத நீச்சல் குளத்தை உள்ளூர் மீனும் தவளையும் செடியும் வாழும் குட்டையாக மாற்றிக்கொள்ள மக்களுக்கு உதவுகிறது. அது எனக்குச் சம்மதம். பச்சைக் குட்டை வேண்டுமா, நீலக் குளம் வேண்டுமா என்று தீர்மானித்துவிட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்பது கொசுவுக்கு மட்டுமே லாபம்.

தெளிந்த பிறகு சமநிலையில் வைத்திருப்பது ஒப்பிட்டால் சின்ன வேலை. பி.எச். 7.2க்கும் 7.8க்கும் நடுவில் இருந்தால் போதும். ஸ்டெபிலைசர் இல்லாத நீரில் 7.5க்கு மேலே போகப்போகக் குளோரினின் கொல்லும் வடிவம் வேகமாகக் குறையும். 8இல் கால்பங்குதான் மிஞ்சும். ஸ்டெபிலைசர் உள்ள நீரில் இந்த இறக்கம் அவ்வளவு செங்குத்து இல்லை, அதனால் பி.எச். 7.7 என்று பார்த்ததும் பதறி அமிலம் ஊற்ற வேண்டியதில்லை. சிமென்ட் குளத்துக்குச் சுண்ணாம்புச் சத்தும் பார்க்க வேண்டும். சென்னை ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் அல்லவா? சிட்னிக் குழாய்நீர் அதற்கு நேர்மாறு, மென்மையானது. தனக்கு வேண்டிய சுண்ணாம்பை நாம் கொடுக்காவிட்டால் குளத்துச் சுவரிலிருந்து அரித்து எடுத்துக்கொள்ளும். பெர்க்லியில் பேராசிரியராயிருந்த லாங்கலியர் 1936லேயே, நீர் சுண்ணாம்பைப் படியவைக்குமா அரித்தெடுக்குமா என்று பார்க்க வாய்ப்பாடு கொடுத்துவிட்டார். நகரத்துக் குழாய்களுக்காக அவர் போட்ட கணக்கு இன்று கொல்லைகளில் குடியிருக்கிறது.

உப்புக் குளம் வைத்தால் குளோரினே வேண்டாம் என்று இங்கே பலர் மனதார நம்புகிறார்கள். 50,000 லிட்டர் குளத்தில் 200 கிலோ உப்பைக் கொட்டினால் நீர் கடல்நீரின் ஒன்பதில் ஒரு பங்கு கரிக்கும். ஒரு மின்கலம் அந்த உப்பை உடைத்துக் குளோரினாக்கும். ஆக அது கொல்லைக்குள்ளேயே ஒரு குளோரின் தொழிற்சாலை. தினமும் ஊற்றும் வேலை மிச்சம் என்பதால் நான் அதற்கு எதிரியல்ல, ஆனால் பி.எச். ஏறிக்கொண்டே போகும், அமிலம் வாங்காமல் தப்ப முடியாது. குளோரின் விஷமாயிற்றே என்று கேட்பவர்கள் குடிநீர்க் குழாயையும் சந்தேகிக்க வேண்டும். அதில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது ஆஸ்திரேலியக் குடிநீர் வழிகாட்டி. குளத்தருகே போனால் மூக்கைத் துளைக்கும் நெடி குளோரினுடையது அல்ல, வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் சேர்ந்து உண்டான குளோரமைனுடையது. நெடி அடித்தால் குளோரின் கூடிவிட்டது என்று குறைப்பவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். பயப்பட வேண்டிய இடம் வேறு. அமிலத்தையும் குளோரினையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும். மாத்திரைக் குளோரினும் வேறுவகைப் பொடிக் குளோரினும் ஒரே டப்பாவில் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். அமிலத்தை நீரில்தான் ஊற்ற வேண்டும், அமிலத்தில் நீரை ஊற்றக் கூடாது.

நீங்களும் சித்தியும் வருவதாக இருந்தால் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வாருங்கள், மற்ற மாதங்களில் தண்ணீர் நடுக்கும். வத்தல், வடகம், ஊறுகாய் எதைக் கொண்டுவந்தாலும் விமானத்தில் கொடுக்கும் அட்டையில் எழுதிக் காட்டிவிடுங்கள். தேற்றாங்கொட்டை மட்டும் வேண்டாம். விதை என்றாலே இங்கே சோதனைச்சாவடியில் எடுத்துக்கொள்வார்கள், சொல்லாமல் மறைத்தால் அந்த இடத்திலேயே அபராதம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள அண்ணன் மகன்